'அஃப்ரிலாச்சியா' என்றால் என்ன?
அமெரிக்காவின் கிழக்கே நீளும் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வாழும் கறுப்பின மக்களையும் அவர்கள் பண்பாட்டையும் குறிக்கும் சொல் இது. ஆப்பிரிக்காவையும் அப்பலாச்சியாவையும் இணைத்து 1991-ல் கென்டக்கி கவிஞர் ஃபிராங்க் எக்ஸ் வாக்கர் உருவாக்கினார். அவர் பார்த்த அகராதியில் 'அப்பலாச்சியர்' என்றால் அந்த மலைகளில் வாழும் வெள்ளையர் என்றே பொருள் போட்டிருந்தது. சொந்த மண்ணின் பெயரிலேயே தனக்கு இடமில்லை என்றால் எப்படி வலிக்கும்!

கல்யாணச் சாப்பாட்டை ஊரே புகழும். விடிய விடிய அரைத்த கைகளை யாரும் விசாரிப்பதில்லை. அப்படித்தான் இந்த மக்களின் கதையும். அப்பலாச்சிய மலைநாட்டு இசை என்றதும் நினைவுக்கு வரும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தையே பாருங்கள். அதன் மூதாதை, சுரைக்குடுக்கையில் தோலை இழுத்துக் கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம். பாஞ்சோவில் கட்டைவிரலால் மீட்டும் குட்டைத் தந்திகூட அங்கிருந்து வந்ததுதான். கொண்டுவந்தவர்கள் அடிமைகளாக்கப்பட்ட மக்கள்.

நிலக்கரிச் சுரங்க வேலைக்காகத்தான் கறுப்பின மக்கள் இந்த மலைகளுக்கு வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: பெரிய சுரங்கங்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் கனாவா பள்ளத்தாக்கில் அவர்கள் அடிமைகளாக உப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.