பெண்கள் முன்னேற்றத்துக்கென்று வரும் பன்னாட்டு உதவி உண்மையிலேயே பெண்களைச் சென்றடைகிறதா?

நன்கொடை கேட்டு வரும் அமைப்புகளை நம்பலாமா என்றும் கேள்வியின் கீழே கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சில திட்டங்களில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பல திட்டங்களில் நட்சத்திர ஓட்டல் பயிலரங்கத்தோடு காசு கரைந்ததையும் பார்த்திருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் கிராமக் கடன்களைக் கவனித்துவந்தேன். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டமாகப் பிரியவில்லை. ரோம் நகரில் தலைமையகம் கொண்ட சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் அங்கேதான் மகளிர் குழுக்களைத் தொடங்கியது. வானம் பார்த்த பூமி, படிப்பறிவு குறைந்த பெண்கள், பெண்சிசுக் கொலைக்குக் கெட்ட பெயர் எடுத்த வட்டாரம். பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் சுய உதவிக் குழுக்களுக்கு நாற்றங்கால் அதுதான்.

அந்தப் பணம் தானம் அல்ல, சலுகை வட்டியில் அரசு வாங்கிய கடன். 'வெள்ளைக்காரன் காசு' என்று கிளையில் கிண்டல் செய்தவர்களுக்கு இது கடைசிவரை புரியவில்லை. அதில் ஒரு நல்ல பங்கு குழு அமைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும், ஊர் ஊராக நடந்த களப்பணியாளர்களின் சம்பளத்துக்கும், பயிற்சிக்கும் போனது. பெண்களிடம் முதலில் யாரும் பணத்தை நீட்டவில்லை. வாரம் 5 ரூபாயோ 10 ரூபாயோ நீங்கள் சேமியுங்கள் என்றார்கள். கூலி வேலைக்குப் போகிறவளிடம் போய்ச் சேமிக்கச் சொல்வதா என்று எங்கள் கிளையில் சிரித்தார்கள். சேமித்துக் காட்டினார்கள்.

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத் திண்ணை, விளக்கு வைக்கும் நேரம், நடுவில் ஒரு தகரப் பெட்டி. ஒரு பெண் குழந்தையின் காய்ச்சலுக்கு 300 ரூபாய் கடன் கேட்டாள். எதிரே இருந்தவள் சட்டென்று, "அக்கா, போன முறை வாங்கிய பணம் உன் வீட்டுக்காரர் சட்டைப் பைக்குப் போனது எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேட்டவள், "அப்படியானால் மருந்துக்கடைக்கு நீயும் என்னோடு வா" என்றாள். அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: கடன் 300 ரூபாய், உடன் செல்பவர் இன்னார். எங்கள் வங்கியின் எந்த விண்ணப்பப் படிவத்திலும் இப்படி ஒரு கேள்வி கிடையாது, கேட்கவும் முடியாது.

வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கணக்குப் போட்டு முகம் சுளித்த அதிகாரிகள் உண்டு. அந்த வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்பியது. வெளியே ஐந்து வட்டிக்கும் பத்து வட்டிக்கும் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1991, 1992 வாக்கில் ரிசர்வ் வங்கியும், வேளாண்மை, கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டும் பதிவு செய்யாத குழுக்களுக்குக்கூட, பிணை இல்லாமல் வங்கிகள் கடன் தரலாம் என்று வழி திறந்தன. நாடு முழுவதும் 500 குழுக்கள் என்பதுதான் முதல் இலக்கு. அதுவரை வங்கிக்கு வந்தால் கணவன் பின்னால் நின்று கைநாட்டு வைத்துவிட்டுப் போன பெண்கள், மூன்று பேராக வந்து மேலாளர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருமுறை மேலாளர் இழுத்தடித்தபோது ஓர் அம்மா சொன்னார்: "தீர்மானம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம் சார். முடியாது என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்." கடன் அந்த வாரமே கிடைத்தது.

1997-98இல் மாநில அரசே சொந்த நிதியில் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் இதை மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது. வெளிநாட்டுப் பணம் நின்ற பிறகும் நடக்கிறதா என்பதே என் முதல் அளவுகோல். கூடவே ஒன்று: 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, கூட்டத்தில் பேசிப் பழகிய சிலர் துணிந்து வார்டுக்கு நின்றார்கள். அதை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டி எழுதியிருக்கவில்லை.

பிறகு கெட்டது எங்கே? எத்தனை கோடி கடன் கொடுத்தோம் என்பதே சாதனை ஆனபோது. சேமிப்பு பெயரளவுக்கு, கடனுக்காகவே குழு. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற குழுவின் பரஸ்பர உத்தரவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டன. ஆந்திரத்தில் தற்கொலைகள்வரை போய், 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நம் ஊர்களிலும் மூன்று நான்கு நிறுவனங்களுக்கு வாரத் தவணை கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். கடன் மனைவி பெயரில், பணம் கணவன் கையில், வசூலுக்கு வருகிறவன் மட்டும் அவள் வாசலில். இதற்குப் 'பெண் அதிகாரம்' என்று பெயர் வைப்பது அநியாயம்.

வங்கதேசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1982இல் சாந்த்பூர் மாவட்டத்தின் ஷாராஸ்தி என்ற இடத்தில் சிறிய அளவில் தொடங்கிய மாணவியர் உதவித்தொகை, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே ஆகியவற்றின் உதவியோடு 1994இல் கிராமப்புறம் முழுவதற்கும் வந்தது. 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பணம் சிறுமியின் பெயரிலேயே வங்கிக் கணக்கில். உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களை மிஞ்சிவிட்டது. ஆனாலும் அங்கே ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு இன்றும் 18 வயதுக்குள் திருமணம் நடந்துவிடுகிறது. பள்ளிக்கு அனுப்பக் காசு கொடுக்கலாம். வரதட்சணைக் கணக்கை அந்தக் காசு தொடவில்லை.

நம் குழுக்களுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு: நிலம். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்ற தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் அதே 1989 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் குழுவில் கணக்கு எழுதுகிறவளே பயிர்க் கடன் கேட்டு வந்தால், பட்டா மாமனார் பெயரில் என்று திருப்பி அனுப்பினோம். விதிப்படி வேறு வழியும் இல்லை.

சரி, நன்கொடை. 'உங்கள் பணத்தில் ஊழியர் சம்பளத்துக்கு மிகக் குறைவாகவே போகிறது' என்று பெருமையாக விளம்பரம் செய்கிற அமைப்பை நான் சந்தேகப்படுவேன். தருமபுரியில் வேலை செய்த காசு, அந்தச் சம்பளத்துக்குப் போன காசுதான். களத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை வருடமாக அதே ஊரில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். தையல் இயந்திரம் வழங்கும் புகைப்படத்தை மட்டும் திருப்பி அனுப்பினால் பணம் அனுப்பாதீர்கள்.