அத்தை சொன்ன கடப்பா கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் 1998-ல் கட்டிய சொந்த வீடு எங்களுடையது. தரைத்தளம். சமையலறை 10-க்கு 8 அடி, எல் வடிவ மேடை, மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், மேலே இரண்டு சுவரிலும் கான்கிரீட் பரண். மாடுலர் கிச்சன் போடலாம் என்று இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். என் அண்ணனுக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் 2,13,700 ரூபாய் போட்டிருக்கிறார். இன்னொருவர் 2,68,000. முதல் ஆள், "ஆடி ஆஃபர், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு 60 சதவீதம் அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார். என் அத்தை (மாமியார்) கடப்பா கல்லைத் தொடவே கூடாது என்று ஒரே பிடிவாதம். 2023 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டில் முட்டி வரை தண்ணீர் நின்றது. இரண்டு கொட்டேஷனையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதில் கையெழுத்துப் போடட்டும்?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வெள்ளிக்கிழமை எதிலும் போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். ஆடியில் புது வேலை தொடங்கப் பலரும் யோசிப்பார்கள், அதனால் வேலை குறைந்து ஆசாரியும் டைல்ஸ்காரரும் சும்மா இருக்கிற மாதம் அது. அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை போனால் திங்கட்கிழமையும் அதே ஆஃபர் இருக்கும், வேண்டுமானால் பொறுத்துப் பாருங்கள்.

இப்போது அந்த 2,13,700-ஐ எடுத்துக்கொள்வோம். கடைசி வரியில் சின்ன எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருக்கிறதே, பார்த்தீர்களா? இந்த மாதிரி வேலைக்கு 18 சதவீதம். கூட்டிப் பாருங்கள், 38,466 ரூபாய் ஏறி 2,52,166 ஆகிறது. இரண்டாமவர் 2,68,000 என்பது வரியோடு சேர்த்து. ஆக நீங்கள் 54,300 ரூபாய் மிச்சம் என்று நினைத்தது 15,834-க்குச் சுருங்கிவிட்டது, இன்னும் நாம் மரத்துக்கே வரவில்லை. அதோடு, அவருடைய லெட்டர்பேடில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. எண் இல்லாதவர் உங்களிடம் வரி வசூலிக்க முடியாது, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வசூலிக்கக் கூடாது. 15 எழுத்து எண், தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். கேட்டு வாங்கி ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும்.

அடுத்து அளவு. அவர் 110 சதுர அடி, அடிக்கு 1,350 என்று 1,48,500 போட்டிருக்கிறார். நீங்கள் எழுதிய அளவை வைத்து நானும் ஒரு பழைய கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். எல் வடிவத்தில் ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 8 அடி. ஆனால் மூலையில் இரண்டு அடி ஆழம் ஏற்கெனவே முதல் பக்கத்தில் போய்விட்டதால் இரண்டாம் பக்கம் 6 அடிதான். கீழ் கேபினட் உயரம் இரண்டரை அடி. 16 அடிக்கு இரண்டரை, 40 சதுர அடி. அவர் 18-க்கு 3 போட்டு 54 ஆக்கிவிட்டார். மேல் கேபினட் ஜன்னல் இல்லாத சுவரில் மட்டும், 20, அது சரி. பரண் 16-க்கு 2, அதாவது 32, அவர் கணக்கில் 36. மொத்தம் 92 வர வேண்டியது 110 ஆனதில் 18 சதுர அடி காற்றுக்கு நீங்கள் 24,300 ரூபாய் கொடுக்கிறீர்கள், வரி சேர்க்காமல். வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன். மூலையை இரண்டு தடவை அளப்பதும் இரண்டரையை மூன்றாக்குவதும் இந்தத் தொழிலில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. டேப்பை நீங்கள் பிடித்து அவரை எழுதச் சொல்லுங்கள், பழக்கம் மாறிவிடும்.

அந்தப் பரணில் இன்னொரு விஷயம். கான்கிரீட் பலகை ஏற்கெனவே இருக்கிறது, அவர் செய்யப்போவது முன்னால் ஒரு ஃபிரேமும் கதவும் மட்டும். அதற்கும் முழுப் பெட்டி செய்கிற அதே 1,350 எப்படி? பெட்டிக்கு ஒரு ரேட், வெறும் ஷட்டருக்கு ஒரு ரேட் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்தான்.

சரி, மரம். அவர் "கமர்ஷியல் பிளை" என்று எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கும், கடைக்காரர் பாஷையில் அது எம்.ஆர். வகை, ஈரப்பதத்தைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. படுக்கையறை அலமாரிக்குப் போதும். சிங்க்குக்குக் கீழே போட்டால் ஒரே ஒரு ஒழுகலில் உப்பிக்கொண்டு வரும். இரண்டாமவர் ஐ.எஸ். 710 என்று எழுதியிருக்கிறார், அதுதான் மெரைன் பிளை, அதன் பசையே வேறு. ஆனால் 710 என்று பேப்பரில் எழுதினால் மட்டும் போதாது. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், 710 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரியும். பலகை வீட்டுக்கு வந்த அன்றே, லேமினேட் ஒட்டி மூடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு மெரைன் என்றுதான் பேசினோம், போட்டதும் மெரைன்தான், முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டும். பின்பலகை எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. இரண்டாவது வருடம் சிங்க் குழாய் கசிந்தபோது பின்னால் இருந்து ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. கேட்டால், "பேக் பேனல் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே சார்" என்றார். உண்மைதான், நான் சொல்லவில்லை. கொட்டேஷனிலும் இல்லை.

இதெல்லாம் போகட்டும், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது முட்டி வரை தண்ணீர் என்கிற அந்த ஒரு வரிதான். இரண்டு கான்ட்ராக்டரும் வீட்டுக்கு வந்து அளந்திருக்கிறார்கள், ஒருவர்கூட "வெள்ளம் வருமா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடுகள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டி உயரம் என்றால் கீழ் கேபினட்டில் பாதிக்கு மேல். மெரைன் பிளையே ஆனாலும் சாக்கடை கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறினால் பசை பிடித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் லேமினேட் ஓரம் தூக்கும், கீல் துருப்பிடிக்கும், அந்த நாற்றம் எத்தனை ஃபினாயில் ஊற்றினாலும் போகாது. கடப்பா கல்லை என்ன செய்யும் அந்தத் தண்ணீர்? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் அடுத்த நாளே பாத்திரம் அடுக்கலாம். கரையானும் தொடாது.

அதனால் உங்கள் அத்தை பக்கம்தான் நான். கீழே கடப்பா கல் தட்டுகள் அப்படியே இருக்கட்டும், அவற்றை உடைத்துவிட்டு அதே இடத்தில் பிளைவுட் பெட்டி வைக்கக் காசு கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. முன்னால் அலுமினிய ஃபிரேம் போட்டு ஷட்டர் மாட்டுங்கள், கழற்றி மாட்டும்படி. ஷட்டருக்கு டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது பி.வி.சி. (பிளாஸ்டிக்) பலகை தண்ணீருக்குப் பயப்படாது, ஆனால் அடுப்புக்கு நேர் கீழேயும் ஒட்டியும் பி.வி.சி. வேண்டாம், சூட்டில் வளையும், அந்த இரண்டு கதவை மட்டும் அலுமினியத்திலேயே செய்துகொள்ளலாம். இழுப்பறை ஆசை இருந்தால் (எல்லோருக்கும் இருக்கிறது, குனிந்து தேட யாருக்குப் பிடிக்கும்) மேல் தட்டில் ஒன்றிரண்டு கூடை வைத்தால் போதும். மெரைன் பிளைக்குச் செலவு செய்ய வேண்டிய இடம் மேல் கேபினட். மிக்சி, ஓவன், பிரிட்ஜ் பாயிண்ட் எல்லாம் மேடைக்கு மேலே இருக்கட்டும், கீழே ஒரு பாயிண்ட்கூட வேண்டாம்.

அதாவது இப்போது இருக்கிற இரண்டு கொட்டேஷனுமே உங்கள் வீட்டுக்கானது இல்லை. என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை என்று ஒரு பட்டியலை நீங்களே எழுதி, அதே பட்டியலுக்கு இரண்டு பேரிடமும் புது விலை கேளுங்கள், அப்போதுதான் விலையை விலையோடு ஒப்பிட முடியும். போகும் முன் ஒரு நாள் சைடன்ஹாம்ஸ் சாலையில் நாலு பிளைவுட் கடை ஏறி இறங்கி ஷீட் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் பட்டியலில் சேர்க்க, முதல் ஆள் விட்டுவிட்டவை: கிரானைட்டுக்கு அடி விலை இருக்கிறது, ஓரம் மோல்டிங் செய்யவும் சிங்க், அடுப்புக்கு வெட்டவும் தனியாகக் கேட்பார்கள், அது இல்லை. "டைல்ஸ் வேலை 24,000" என்பதில் டைல்ஸ் விலை சேர்ந்ததா, கூலி மட்டுமா என்று இல்லை. "பிளம்பிங், எலக்ட்ரிகல் 30,000" என்று மொத்தமாக இருக்கிறது, எத்தனை 16 ஆம்ப் பாயிண்ட், எந்த கேஜ் ஒயர், 1998-ன் பழைய ஜி.ஐ. பைப் மாறுமா மாறாதா, ஒன்றும் இல்லை. உடைத்த குப்பை யார் பொறுப்பு என்றும் இல்லை. மீன்பாடி வண்டியில் ஏற்றி ராத்திரி தெருமுனையில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் மாநகராட்சி ஆட்கள் உங்கள் வாசலில் நிற்பார்கள். கட்டடக் கழிவைப் பிரித்து அரைக்கக் கொடுங்கையூரிலேயே ஆலை இருக்கிறது, மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள், கூலி யார் தருவது என்பதை மட்டும் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

60 சதவீதம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணம் முழுக்கக் கைக்குப் போன பிறகு ஆளைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலை வைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் என்றால் 20 கொடுப்பேன், பொருள் வந்து நான் பார்த்த பிறகு 40, மாட்டி முடித்ததும் 30, கடைசி 10-ஐ ஒரு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு. முடிக்கும் தேதியும் எழுத வேண்டும், ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடிகிற மாதிரி. அண்ணனுக்குத் தெரிந்தவரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள், தெரிந்தவர் என்றால்தான் பேப்பர் இன்னும் அவசியம், நாளைக்கு ஒரு தகராறு என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் அண்ணன். கையெழுத்தான கொட்டேஷனும் பில்லும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வெறும் வாட்ஸ்அப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அங்கே இழுபறிதான்.

கேள்வி: திருவொற்றியூர், கடற்கரையிலிருந்து நாலு தெரு. போன வருடம் போட்ட எவர்சில்வர் கூடைகளில் துரு. "304 ஸ்டீல்தான், கடல் காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும்" என்கிறார் கான்ட்ராக்டர். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்படியானால் அவர் சொல்வது நிஜமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: காந்தம் உங்களை ஏமாற்றுகிறது சார். 304, 202 என்பதெல்லாம் எவர்சில்வரின் தர எண்கள்; 304-லும் காந்தம் சாதாரணமாக ஒட்டாது, விலை குறைந்த 202-லும் ஒட்டாது. 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், பார்க்க ஒரே பளபளப்பு, உப்புக் காற்றில் சீக்கிரம் குட்டு வெளிப்படும். பில்லில் 304 என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தால் ஒரு கூடையைக் கழற்றி, பெரிய எவர்சில்வர் கடையில் சோதனைத் திரவம் வைத்திருந்தால் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 202 என்று வந்தால் பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கான்ட்ராக்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: உங்கள் ஊரில் 304-ம் துடைக்காமல் விட்டால் பழுப்பாகத் திட்டுத் திட்டாகும், அதன் மேல் பிளீச்சிங் கலந்த கிளீனர் பட்டால் இன்னும் மோசம், போர் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டாலும் அதே கதைதான். துரு கூடையில் இருக்கிறதா, கூடை ஓடுகிற சேனலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேனல் பெரும்பாலும் முலாம் பூசிய சாதா இரும்புதான், அதை 304 என்று யாரும் விற்பதில்லை.

கேள்வி: ராயபுரத்தில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரை எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாம் என்று கொட்டேஷனில் "சுவர் இடிப்பு – 6,000" என்று ஒரு வரி இருக்கிறது. விலை நியாயமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: விலையை விடுங்கள். அந்த வீடுகளில் மேலே மர உத்திரங்கள், அதன் மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு, அத்தனை பாரமும் இறங்குவது சுவர்களில்தான், தூண் கிடையாது. உத்திரம் அந்த நடுச்சுவரில் உட்கார்ந்திருந்தால், சுவரை எடுத்தால் கூரை எதில் நிற்கும் என்று அந்தக் கொட்டேஷனில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து உத்திரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, எடுக்கலாம் என்றால் இரும்பு பீம் எவ்வளவு, எப்படி முட்டுக் கொடுப்பது என்று அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். அதுவரை அந்த 6,000 வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கான்ட்ராக்டரிடம் ஒரு சுருக்கொப்பமும் வாங்கிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவருடைய ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றால் காட்டுவதற்கு அது வேண்டும்.