புல்வெட்டி வண்டியில் புது பேட்டரியும் இறங்குவது ஏன்?

புது பேட்டரி போட்டும், இரண்டு தடவை புல் வெட்டியதுமே வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்கள். இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள்.

இன்ஜின் ஓடாதபோது, முழு சார்ஜில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே 12.6 வோல்ட் இருக்கும். திறந்த வெளியில், பிரேக் போட்டு, இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜிங் சரி. ஏறவே இல்லை என்றால், ஃபியூஸைப் பார்த்துவிட்டு ரெகுலேட்டருக்கு வாருங்கள்.

பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும், இன்ஜின் மேல் வரிவரியாகத் துடுப்பு வைத்த சின்ன அலுமினியப் பெட்டி அது. பல மாடல்களில் அதற்கு எர்த் கிடைப்பதே, அதைப் பிடித்திருக்கும் போல்ட் வழியாகத்தான். அந்த இடத்தில் துரு ஏறினால் நல்ல ரெகுலேட்டரும் செத்தது போலத்தான் இருக்கும். கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். இதைச் செய்யாமலேயே நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறமும் ஏறவில்லையா? ஸ்டேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள். அதிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் இரண்டு ஒயர்களைக் கழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்து பாருங்கள். கையேட்டில் சொன்ன வோல்ட் வந்தால் ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது. வரவில்லை என்றால், இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் ஸ்டேட்டர்தான் போயிருக்கிறது. ஃப்ளைவீலை எடுக்க, அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டாதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது.