கேளுங்கள், சொல்கிறோம்: பைன் ஊசியிலை ஊறல்

கேள்வி: கொரியாவில் செய்வதுபோல், தண்ணீரில் கலந்து குடிக்கும் இனிப்புச் சாறு எடுக்க, ஒரு கிலோ பைன் ஊசியிலையை ஒரு கிலோ சர்க்கரையில் ஊறப்போட்டேன். பத்து நாளாகியும் சர்க்கரை கரையவில்லை. மேலே பூஞ்சணம் வேறு. எங்கே தவறு?

பதில்: சமபங்கு சர்க்கரைக் கணக்கு பச்சைப் பிளம் போன்ற சாறுள்ள காய்களுக்குச் சரி. ஊசியிலையில் சாறு குறைவு, மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. வெறும் சர்க்கரை அதிலிருந்து போதிய நீரை இழுக்காது. பாகு ஊற்றித்தான் ஆகவேண்டும்.

இளந்தளிர் ஊசிகளாகப் பறியுங்கள். ஒவ்வொரு கொத்தின் அடியிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு உறை இருக்கும். அழுக்கும் பிசினும் தங்குவது அங்கேதான். பிடித்து இழுத்தால் கழன்றுவிடும். அலசி, ஓரிரவு தண்ணீரில் போட்டுப் பிசினைப் போக்கி, ஈரம் போக உலர்த்தி, இரண்டு மூன்றாக நறுக்குங்கள். முழு இலையில் சாறு இறங்காது.

1 கிலோ இலைக்கு 500 கிராம் சர்க்கரையைப் பிசிறி ஜாடியில் அழுத்துங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சர்க்கரையைக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் இலையோடு வந்த ஈஸ்ட் செத்துவிடும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இலை மிதக்காதபடி கழுவிய கல்லை வைத்து, வாயைத் துணியால் கட்டி, நிழலில் வையுங்கள். முதல் வாரம் தினமும் அடிவரை கிளறவேண்டும். சுமார் 100 நாளில் வடிகட்டலாம். பூஞ்சணம் பிடித்ததை வழித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நுரைத்து, சாராய வாடை அடிக்கிறதே?

பதில்: சர்க்கரை குறைந்தால் ஈஸ்ட் வேகம் பிடித்து அதைச் சாராயமாக்கும், பிறகு காற்றுப்பட்டுக் காடியாகும். அளவுக்கு மீறிச் சர்க்கரை போட்டாலோ நொதிக்கவே நொதிக்காது, வெறும் பாகுதான். நுரைக்கிற சாற்றைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடவே கூடாது, வெடித்துவிடும்.

கேள்வி: கொடைக்கானல் பைன் இலையில் செய்யலாமா?

பதில்: கொரியர்கள் எடுப்பது இரண்டிரண்டு ஊசியாக வரும் செம்பைன். சூசோக் என்னும் அறுவடைப் பண்டிகையில் சோங்பியோன் கொழுக்கட்டையை அவிப்பதும் இந்த இலையைப் பரப்பித்தான். கொடைக்கானலில் அதிகம் நட்டிருப்பது, ஊசிகள் நீண்டு தொங்கும் பேட்டுலா வகை. அதைக் குடிக்கும் பண்டத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அமெரிக்காவின் பாண்டரோசா பைன் இலையைத் தின்ற சினைமாடுகள் கன்று வீசுவது (சினை கலைவது) நன்கு அறியப்பட்டது. பைன் என்றாலே எல்லாம் ஒன்றல்ல. கர்ப்பிணிகள் எந்தப் பைன் ஊறலையும் தொடவேண்டாம். சர்க்கரை நோயாளிகளும் தவிர்க்கட்டும்: இந்த ஊறலை ‘என்சைம்’ (நொதி) என்று பெயர் சொல்லி விற்றாலும் அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். மற்றவர்கள் ஒரு பங்கு ஊறலுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துக் குடிக்கலாம்.