யாத்திராகமத்தில் முன்னே போகும் தூதன் யார்?

'உனக்கு முன்னே ஒரு தூதனை அனுப்புகிறேன்' என்று பைபிளின் இரண்டாம் நூலான யாத்திராகமம் 23-ல் கடவுள் இஸ்ரவேல் மக்களிடம் சொல்கிறார். அப்படியானால் அவரே கூட வரவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இடத்தில், வருகிறார் என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. தன் நாமம் அந்தத் தூதனுக்குள் இருப்பதாக அடுத்த வசனமே சொல்கிறது. துரோகங்களை அந்தத் தூதன் பொறுக்கமாட்டார் என்ற எச்சரிக்கையும் உண்டு. வெறும் தபால்காரருக்கு இந்த அதிகாரம் ஏது? பழைய ஏற்பாட்டில் கடவுளாகவே பேசும் தூதன், மனிதனாகப் பிறக்குமுன் இருந்த கிறிஸ்துவே என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதினார். பிற்கால இறையியலாளர் அகஸ்டினோ, படைக்கப்பட்ட தூதர்கள் வழியாகக் கடவுள் பேசினார் என்ற பக்கம் சாய்ந்தார். சீர்திருத்தத் தலைவர் கால்வின், ஜஸ்டின் சொன்ன பழைய கருத்துக்கே திரும்பினார்.

சிக்கல் 33-ஆம் அதிகாரத்தில்தான். மக்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய விவகாரத்துக்கு அப்புறம், 'தூதனை அனுப்புகிறேன், நான் உங்கள் நடுவே வரமாட்டேன்' என்கிறார் கடவுள். நாடு கிடைக்கும், எதிரிகள் துரத்தப்படுவார்கள். ஆனாலும் மக்கள் துக்கப்படுகிறார்கள். அவர்களின் தலைவரான மோசே விடாமல் மன்றாட, 'என் சமுகம் (அதாவது, என் பிரசன்னம்) உனக்கு முன்பாகச் செல்லும்' என்ற வாக்கு கிடைக்கிறது. வழிகாட்டி இருந்தால் மட்டும் போதாது என்று மோசே அடம்பிடித்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்பேன்.

ஆளுக்கொரு காவல் தூதர் என்பது தனி நம்பிக்கை. கத்தோலிக்கர் அதற்கு அக்டோபர் 2-ல் விழா எடுக்கிறார்கள். அன்றைய திருப்பலி வழிபாட்டுக்குக் குறித்த வாசகங்களில் இதே 23-ஆம் அதிகாரப் பகுதியும் உண்டு.