சைலன்சர் மாற்றலாமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு வயது 26. ஊர் பாளையங்கோட்டை, கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை, பிடித்தம் போக 24,000 வருகிறது. 200 சிசி பைக், கடன் முடிந்துவிட்டது. எக்ஸாஸ்ட் (சைலன்சரோடு சேர்ந்த புகைக்குழாய்) 25,000, ஈசியு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) 12,000, ஏர் ஃபில்டர் செட் 6,000, ஆக 43,000 ஆகும், 2 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள் கடையில். முன்பணம் 5,000 கையில் இருக்கிறது. மீதி 38,000-ஐ கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையாகப் போட்டால் மாதம் 3,170, பன்னிரண்டு மாதம். அது என்னால் முடியும். கார்டில் போன் வாங்கியது, பெட்ரோல் என்று 62,000 பாக்கி நிற்கிறது, ஆனால் மினிமம் தொகையை (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மாதாமாதம் தவறாமல் கட்டிவிடுகிறேன். போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. (மாதாந்திரச் சேமிப்பு) 2,000, இரண்டு வருடமாகப் போகிறது. செய்யலாமா? ஞாயிற்றுக்கிழமை இந்த பைக்கில் கன்னியாகுமரி போகிறேன். பைக் படமும் கார்டு ஸ்டேட்மென்ட்டும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, பைக்கை அப்புறம் பேசுவோம். கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது "தவறாமல்" என்ற அந்த ஒரு வார்த்தைதான். மினிமம் கட்டுவதை நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் கடிக்கிறதே அதுதான்.

ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத்தில் மினிமம் 3,100 என்று தடித்த எழுத்தில் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்துக்கு வாருங்கள். மாதம் 3.5 விழுக்காடு வட்டி. 62,000-க்கு 2,170. அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 390. ஆக 2,560. நீங்கள் கட்டும் 3,100-ல் கடன் குறைவது வெறும் 540 ரூபாய். அதே மாதம் பெட்ரோலுக்கு 2,500-க்கு கார்டைத் தேய்க்கிறீர்கள், ஆக மாதம் 2,000 பக்கம் பாக்கி ஏறுகிறது. போன் வாங்கியபோது 36,000, பதினான்கு மாதத்தில் 62,000 ஆன கதை இதுதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. இன்னொன்று, பழைய பாக்கி முழுதாகத் தீராதவரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வண்ணார்பேட்டை பெட்ரோல் பங்கில் கார்டைத் தேய்த்த அன்றைக்கே அந்தப் பெட்ரோலுக்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இந்தப் பதினான்கு மாதத்தில் வட்டியும் வரியுமாக நீங்கள் கொடுத்தது, தோராயமாகப் போட்டால், 28,000 வருகிறது. அந்த எக்ஸாஸ்ட்டின் விலையை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் தம்பி, பொருள்தான் வீட்டுக்கு வரவில்லை.

இதற்கு மேல் "வட்டியில்லாத் தவணை" வேறு. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடி என்று கழித்துக் காட்டுவார், ஆனால் அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும், ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பேரம் பேசிக் குறைத்திருக்கலாம் என்பதும் போச்சு. முக்கியமாக, தவணைத் தொகை முழுசாக மினிமம் தொகையோடு சேரும். இப்போது 3,100 கட்டுகிற நீங்கள் அடுத்த மாதத்திலிருந்து 6,300 கட்ட வேண்டும், பழைய பாக்கி அப்போதும் அசையாது.

சரி, பைக். 20 குதிரையில் 2 கூடினால் பத்து விழுக்காடு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகம் ஏற ஏறக் காற்று எதிர்த்துத் தள்ளும், பத்து விழுக்காடு வேகம் கூட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுதலாக வேண்டும். கணக்குப் பார்த்தால் மணிக்கு 125 கி.மீ. உச்ச வேகத்தோடு நிற்கிற வண்டி 129-க்குப் போகும், அவ்வளவுதான். அந்த 2 குதிரையும் எஞ்சினை உச்சத்துக்கு முறுக்கும்போது மட்டும்தான் வரும். தச்சநல்லூர் நெரிசலில் நகர்ந்து, தாழையூத்து தாண்டி ஷிப்ட்டுக்குப் போகிற நீங்கள் அதை எங்கே தொடப்போகிறீர்கள்? இழுவைதான் வேண்டுமென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல்லுக்குப் பதில் 13 போட்டால் ஏழெட்டு விழுக்காடு கூடும், உச்ச வேகம் கொஞ்சம் இறங்கும், சில நூறு ரூபாய் வேலை. முழு எக்ஸாஸ்ட் மாற்றினால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதோடு போய்விடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு, சத்தத்துக்குத் தனியாக வேறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்வார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் டயர் நடுவில் தட்டையாகிக் கிடக்கிறது, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி மேல் ரப்பரோடு சமமாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைப் பக்கம் பக்கவாட்டில் அடிக்கிற காற்றில், ஒரு தூறல் விழுந்த ரோட்டில், இந்த டயரோடு போகாதீர்கள். இதை நான் பணத்துக்காகச் சொல்லவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. ஆர்.டி.யில் 48,000 கட்டியிருக்கிறீர்கள். பன்னிரண்டு தவணை முடிந்த, விடாமல் கட்டிய கணக்கில் பாதி வரை கடன் தருவார்கள், ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 விழுக்காடுதான். வருடத்துக்கு ஒன்பது என்றே வைத்தாலும் 24,000-க்கு மாதம் 180 ரூபாய். கார்டில் அதே 24,000-க்கு நீங்கள் கொடுப்பது 990. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் போய் விண்ணப்பம் கொடுங்கள், வந்த பணத்தை அப்படியே கார்டில் போடுங்கள். மிச்சம் 38,000. அதை வங்கியிடமே பேசி பன்னிரண்டு மாதத் தவணையாக மாற்றுங்கள். வருடம் 18 விழுக்காடு என்று போட்டாலும், வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் சேர்த்து மாதம் 3,600-க்குள் வரும். அதற்கு மேல் கேட்டால் ஒத்துக்கொள்ளாமல் வேறு இடத்திலும் விசாரியுங்கள். பெட்ரோல் இனி ரொக்கம் மட்டும், கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

கட்ட முடியுமா என்றால், முடியும். மினிமம் 3,100-ம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒதுக்கலாம் என்று சொன்ன 3,170-ம் சேர்த்து 6,270. பெட்ரோல் 2,500 போக 3,770. தவணையும் ஆர்.டி. கடன் வட்டியும் அதற்குள் அடங்கிவிடும். ஆர்.டி. 2,000 அது பாட்டுக்குப் போகட்டும்.

முன்பணத்துக்கு வைத்திருக்கும் 5,000-ஐ கடையில் கொடுக்காதீர்கள். இந்த வாரமே பின் டயரை மாற்றுங்கள், பிரேக் பேடையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் ஆசை அடுத்த வருடம் இதே மாதமும் இருந்தால், கார்டு பாக்கி பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட்டோடு எனக்கு எழுதுங்கள்.