மணல்மேல் நெருங்கி நிற்கும் அடித்தளங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: 1.5 மீட்டர் அகலமுள்ள இரண்டு பட்டை அடித்தளங்களுக்கு (சுவரின் நீளம் முழுக்க ஓடும் அடித்தளங்கள்) இடையே அகலத்தைப் போல் 1.5 மடங்கு இடைவெளி விட்டிருக்கிறோம். போதுமா?

பதில்: எதிலிருந்து எதுவரை அளந்தீர்கள் என்று எழுதவில்லையே! மையத்திலிருந்து மையம் என்றால் விளிம்புகளுக்கு நடுவே முக்கால் மீட்டர்தான் மிஞ்சும். விளிம்பிலிருந்து விளிம்பு என்றால் இரண்டேகால் மீட்டர். அளவுக்கோட்டின் இரு முனைகளையும் வரைபடத்தில் குறித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: அருகருகே வைத்தால் தாங்குதிறன் கூடும் என்கிறார்கள். அந்தக் கூடுதலை வடிவமைப்பில் சேர்க்கலாமா?

பதில்: கூடுவது உண்மை. நடுவில் அகப்பட்ட மணல் பக்கவாட்டில் நகர வழியின்றி இறுகுகிறது. ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் 1962-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் இரண்டு அடித்தளங்களின் அழுத்தக் குமிழ்களும் (சுமையின் அழுத்தம் அடியில் பரவும் மண் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், அதே அழுத்தத்தில் அமிழ்வும் கூடுகிறது, சாய்வும் சேர்ந்துகொள்கிறது. மணலில் சற்று அகலமான அடித்தளத்தின் அளவைப் பெரும்பாலும் அமிழ்வுதான் தீர்மானிக்கும் என்பதால் அந்தக் கூடுதலைச் சேர்க்காதீர்கள். முதலில் அமிழ்வு, பிறகு தாங்குதிறன்.

கேள்வி: மணலை வலுவூட்ட அடித்தளத்தின் அடியில் விரிக்கும் ஜியோகிரிட் (கட்டம் கட்டமான வலை விரிப்பு) எத்தனை அடுக்கு, எந்த ஆழத்தில்?

பதில்: மூன்று அல்லது நான்கு அடுக்கு, முதல் அடுக்கு அடித்தளத்தின் அகலத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு ஆழத்தில். அகலத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே முதல் அடுக்கு போனால் மணல் அதற்கு மேலேயே உடைந்துவிடும் என்பதை பிங்கெட், லீ என்ற ஆய்வாளர்கள் இருவரின் 1975 சோதனைகள் காட்டின.

கேள்வி: செலவைக் குறைக்க ஒவ்வோர் அடித்தளத்துக்கும் அதன் அகலத்துக்கே ஜியோகிரிட்டை வெட்டிப் போடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். சரியா?

பதில்: தவறு. இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். ஜியோகிரிட் வேலை செய்வது இழுவிசையால். அந்த இழுவிசையைப் பிடித்து நிறுத்துவது அடித்தளத்துக்கு வெளியே மணலுக்குள் புதைந்திருக்கும் பகுதி. விளிம்போடு வெட்டிவிட்டால் பிடிப்பே இல்லை, அடித்தளம் அமிழும்போது ஜியோகிரிட்டும் உருவிக்கொண்டு உள்ளே வரும். நெருங்கிய அடித்தளங்களில் இந்தத் தவறு இன்னும் மோசம், ஏனெனில் இரண்டுக்கும் நடுவிலுள்ள மணலில்தான் விசைகள் பின்னிக்கொள்கின்றன. அங்கே இரண்டு வெட்டுமுனைகளை எதிரெதிரே விட்டால் பலவீனமான இடத்தை நாமே உண்டாக்கியதாகும். இரண்டின் அடியிலும் ஒரே விரிப்பாக ஓட்டி, இரு வெளிப்புறங்களிலும் நீட்டிவிடுங்கள். ஒருதிசை ஜியோகிரிட் என்றால் அதன் வலுவான திசை பட்டை அடித்தளத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். கடற்கரையோரப் பணியிடம் ஒன்றில் ஜியோகிரிட் சுருளிலிருந்து வந்த அலையலையான மடிப்புகளோடேயே கிடந்தது. அதன்மேல் நேரடியாக டிப்பர் ஓடியிருந்தது. மணலை விலக்கிப் பார்த்தபோது சக்கரத் தடத்தில் விலா இழைகள் முறிந்திருந்தன. மடிப்பு நிமிரும்வரை இழுவிசை பிறக்காது, அதுவரை அடித்தளம் அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இழுத்து விரித்து முளையடித்து, 15 சென்டிமீட்டராவது மணல் பரப்பிய பிறகே வண்டியை விடுங்கள்.

கேள்வி: வலுவூட்டிய மணலில் 30 சென்டிமீட்டர் தகடு வைத்துச் சுமையேற்றிச் சோதித்தோம், அமிழ்வு மிகக் குறைவு. நம்பலாமா?

பதில்: அந்தத் தகட்டின் அழுத்தம் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் போகும், 2 மீட்டர் அடித்தளத்தினுடையதோ 4 மீட்டர் போகும். தகடு உங்கள் மேல் அடுக்கைச் சோதித்தது, அடியிலுள்ள தளர்ந்த மணலைத் தொடவே இல்லை. மேலும் ஒற்றைத் தகடு பக்கத்து அடித்தளத்தின் பாதிப்பை எப்படிக் காட்டும்? எஸ்.பி.டி. எண்களையும் (துளையில் குழாயைச் சுத்தியலால் அடித்து மண்ணின் இறுக்கத்தை அளக்கும் சோதனையின் அடி எண்ணிக்கை) மழைக்கால நீர்மட்டத்தையும் அனுப்பாமல் தகட்டு முடிவை மட்டும் அனுப்புவதை நிறுத்துங்கள். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் அமிழ்வு.

கேள்வி: பக்கத்துப் பழைய வீட்டை ஒட்டிப் புது அடித்தளம் போடுகிறோம். அடியில் ஜியோகிரிட் இருப்பதால் பழைய வீட்டுக்கு ஆபத்தில்லை அல்லவா?

பதில்: ஆபத்து உண்டு. உங்கள் சுமை ஏறும்போது பழைய அடித்தளம் மீண்டும் அமிழ்ந்து உங்கள் பக்கம் சாயக்கூடும். உங்கள் ஜியோகிரிட் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதால் அங்கே அதற்குப் பிடிப்பும் இல்லை. பழைய அடித்தளத்தின் மட்டத்துக்குக் கீழே தோண்டாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே அந்த வீட்டுச் சுவரின் விரிசல்களைத் தேதியிட்டுப் படமெடுத்து வையுங்கள்.